கேமராவுக்கு நெற்றி எது?

ஸ்காட்லாந்தின் வடக்கே, வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஒரு தீவில், வெள்ளையடித்த பழைய கலங்கரை விளக்கத்தின் நெற்றியில் சுளகு அகலத்துக்குச் சந்தனமும் அதன் நடுவே குங்குமமும் வந்து உட்கார்ந்த அன்று, அதற்குக் காரணமான பலவேசம் இங்கே ஆலங்கரையில் தன் பட்டறை வாசலில் ஒரு ஜன்னல் கம்பிக்கு ரெட் ஆக்சைடு அடித்துக்கொண்டிருந்தார். தான் வைத்த பொட்டு கடல் தாண்டிப் போய்விட்டது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பதறியிருக்க மாட்டார், சாமி காரியத்துக்குத் தூரம் ஏது என்று சொல்லிவிட்டு அடுத்த கம்பிக்குப் போயிருப்பார்.

பலவேசம் கிரில் பட்டறைக்காரர். எங்கள் ஊரில் பாதி வீட்டு ஜன்னல் அவர் செய்தது. அவர் மனைவி வாலண்டினா எங்கள் மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்சிக்காரரான அவருடைய அப்பா, விண்வெளிக்குப் போன முதல் பெண்ணின் பெயரை மகளுக்கு ஆசையாக வைத்தார். பெயரைக் கேட்டு வேதக்காரர் என்று நினைத்துக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லப் போனவர்கள், சரி தீபாவளிக்குச் சொல்லுவோம் என்று போய் அதற்கும் வழியில்லாமல் திரும்பி வந்தார்கள். டீச்சருக்குச் சாமி கிடையாது, ராகுகாலம் கிடையாது, நெற்றியில் பொட்டு கிடையாது. பலவேசமோ குலசாமிக்குச் சொல்லாமல் குளிக்கக்கூடப் போகாத ஆள். இந்த இரண்டு பேரும் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இளவயதில் டீச்சர் கேமரா வைக்க ஒரு முக்காலி வேண்டும் என்று பட்டறைக்கு வந்தார், பலவேசம் இரும்புப் பைப்பை வளைத்து மடக்குகிற மாதிரி ஒன்று செய்துகொடுத்தார், அது இன்றைக்கும் ஆடாமல் நிற்கிறது. குடும்பமும் அப்படித்தான் என்று நாங்கள் சொல்லுவோம்.

டீச்சருக்குப் படம் எடுப்பது தொழில் இல்லை, பித்து. மலையை எடுப்பார், பறவையை எடுப்பார், பழைய கட்டடத்தை எடுப்பார். மனிதரை எடுக்க மாட்டார், அதற்குத்தான் ஊருக்குள் ஸ்டூடியோ இருக்கிறதே என்பார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நெடுங்குளத்துக் கரையில் முக்காலியோடு நிற்பார். தாமிரபரணி வாய்க்கால் கடைசியாக வந்து சேருகிற குளம் அது. அங்கே கார்த்திகை மார்கழியில் மங்கோலியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வந்து இறங்கும். அவற்றை டீச்சர் பெற்ற பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொண்டு நிற்பார். சொந்த மகள் கியூரி ஸ்காட்லாந்தில் இருந்தாள், வருஷத்துக்கு ஒரு தடவை அவளையும் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் டீச்சருக்கு விமானம். பட்டறையில் பலவேசம் டிரில்லிங் மெஷினிலிருந்து திருப்புளி வரைக்கும் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்துப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். கேமராவுக்கும் வைக்கிறேன் என்று அவர் வருஷா வருஷம் கேட்பதும் டீச்சர் விரட்டுவதும் வழக்கம். அன்றைக்கு டீச்சர் மகளுக்குக் கருப்பட்டி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார், கேமரா மேஜையில் தனியாக இருந்தது, பெண்டாட்டி ஆயிரக்கணக்கான மைல் பறக்கப் போகிறாள், பலவேசத்துக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஆனால் கேமராவுக்கு நெற்றி எது? வெல்டிங் மெஷினுக்குத் தெரியும், தராசுக்குத் தெரியும், புது லாரிக்குக்கூடத் தெரியும். இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முன்னால் இருந்த மூடியைக் கழற்றினார், உள்ளே வட்டமாகப் பளபளவென்று கண்ணாடி இருந்தது, இதுதான் முகம் என்று முடிவுகட்டிச் சந்தனத்தைக் குழைத்து நடுவில் வைத்து அதன்மேல் குங்குமத்தையும் வைத்து, பத்திரமாகக் கூட்டிப்போய்க் கூட்டிவா என்று கும்பிட்டார்.

“கண்ணுல போயி யாராவது பொட்டு வைப்பாவளா?” என்று டீச்சர் திரும்பி வந்ததும் கத்தினார்.

“கண்ணுன்னு தெரியல டீச்சர். மூஞ்சின்னுல்லா நெனச்சேன்.” ஊரே டீச்சர் என்று கூப்பிடுவதால் அவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

டீச்சர் மெல்லிய துணியால் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகிவிட்டது. சிரிப்பும் வந்துவிட்டது. அதோடு விமானம் ஏறினார்.

தீவில் எடுத்த முதல் படம் அந்தக் கலங்கரை விளக்கம். கேமராவில் பொட்டு தெரிந்ததும் பலவேசத்தை மனதுக்குள் திட்டிக்கொண்டே லென்ஸை இன்னொரு தடவை துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், பொட்டு கட்டடத்தில் இருக்கிறது. அப்புறம் எடுத்த சிவப்பு மானுக்கும் கல்பாலத்துக்கும் புல் மூடிய மலைக்கும், அதனதன் உடம்புக்குத் தக்கபடி, மானுக்கு மிளகளவும் மலைக்குத் தேர்ச்சக்கரத்தளவுமாக வந்து உட்கார்ந்தது. தீவுக்காரர்கள் கலங்கரை விளக்கத்துக்கு ஏணி போட்டுப் பொட்டைச் சுரண்டினார்கள், மறுநாள் காலையில் ஈரம் காயாத சந்தனமாக அது திரும்பவும் இருந்தது, மழை பெய்தும் கரையவில்லை. படகுக்காரர்கள் பகலில் அடையாளம் நன்றாகத் தெரிகிறது என்று திருப்திப்பட்டார்கள், ரொட்டிக்கடைக்காரம்மா வட்ட பிஸ்கட்டின் நடுவே சிவப்பு ஜாம் வைத்து விற்க ஆரம்பித்தார், அந்தத் தீவில் விஷயம் அத்தோடு முடிந்தது. கியூரி மட்டும், “அம்மா, போலீசு வாரதுக்கு முன்னால நீங்க ஊருக்குக் கெளம்புங்க” என்று பெட்டியைக் கட்டிக் கொடுத்தாள்.

அந்தக் குளிரில் ஏதோ ஆகியிருக்கும் என்று டீச்சர் தனக்குத்தானே ஒரு விஞ்ஞானம் சொல்லிக்கொண்டு வந்து இறங்கி, நூலகத்துக்கு எதிரே நிற்கிற வேப்பமரத்தையும் அதன் பொந்தில் குடியிருந்த புள்ளி ஆந்தையையும் எடுத்துப் பார்த்தார். மரத்துக்குத் தாம்பாளத்தளவும் ஆந்தைக்குச் சீரகத்தளவும் பொட்டு வந்துவிட்டது. வேறு கேமராவை இரவல் வாங்கி எடுத்தார், அதிலும் அப்படியே. பொட்டு கண்ணாடியை விட்டுக் கிளம்பி டீச்சர் பார்வைக்குள் போய்விட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அதிசயம் என்று யாரும் வாயைப் பிளக்கவில்லை. பொட்டு என்றால் எங்களுக்குத் தெரியாதா? அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாதா? ஒரு வாரத்துக்குள் மரத்தைச் சுற்றி மேடை கட்டி, டைல்ஸ் ஒட்டி, தகரக் கூரை இறக்கி, உண்டியல் நட்டு, நாலு திசைக்கும் குழாய் ரேடியோ கட்டிவிட்டோம். ஆந்தை சத்தம் தாங்காமல் பட்டப்பகலில் வெளியே வந்து தடுமாறியது. அதைக் கல்யாண மண்டபம் வைத்திருக்கிற ஒப்பந்தக்காரர் தங்கப்பழம் பிடித்து, பித்தளைக் கூண்டில் போட்டு, மண்டபத்து வாசலில் தொங்கவிட்டார். பொட்டு வைத்த பறவை பார்த்தால் மாப்பிள்ளை வீட்டுக்கு ராசி என்றார்.

டீச்சர் போய்ச் சண்டை போட்டார். “என்ன டீச்சர், நீங்க வச்ச பொட்டு, நாங்க மரியாத செய்தோம். இதுக்குப் போய்க் கோவப்படுதியளே” என்று தங்கப்பழம் சிரித்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டோம். ஊரில் எந்த வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாக வந்து பந்தல் போடுகிறவர். ஆனால் கையில் கிடைத்ததை விடமாட்டார். அதற்குப் பிறகு, புதுக் கடை எடுங்க டீச்சர், புது டிராக்டர் எடுங்க டீச்சர் என்று ஊரே டீச்சர் வீட்டு வாசலில் வந்து நிற்க, டீச்சர் கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

பூட்டின நேரம் பார்த்து நெடுங்குளத்துக்கு ஆபத்து வந்தது. குளத்தில் மண் அடித்து அதன்மேல் புதுப் பேருந்து நிலையம் கட்டுவது என்று முடிவாகி, வேலையைத் தங்கப்பழம் எடுத்தார். எங்களுக்கும் பேருந்து நிலையம் வேண்டியிருந்தது. மழையில் ரோட்டோரம் நின்றே பழகிவிட்ட ஊர், எவ்வளவு நாள்தான் நிற்கும்? டீச்சர் மட்டும் மனுப் போட்டார். கோட்டாட்சியர் அம்மா விசாரணைக்கு வந்தார். இப்போதெல்லாம் குளத்துக்குப் பறவையே வருவதில்லை, முள்ளுக்காடுதான் மண்டிக் கிடக்கிறது என்று தங்கப்பழம் சொன்னார். வருகிறது என்று டீச்சர் சொன்னார். “சொன்னா போதாதும்மா. இந்த வருஷத்துப் படம் கொண்டு வாங்க. பறவை இருந்தா பாக்கலாம்” என்று அந்த அம்மா தை மாசத்துக்கு வாய்தா கொடுத்துவிட்டுப் போனார்.

டீச்சர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. படம் எடுத்தால் வாத்துகளுக்குப் பொட்டு வந்துவிடும். பொட்டு வந்த வாத்து ஒன்றைக்கூட நாங்கள் விட்டுவைக்க மாட்டோம், வீட்டுக்கு ஒன்றாக வலை போட்டுப் பிடித்துக் கூண்டில் அடைத்துவிடுவோம் என்று அவருக்கு எங்களைப் பற்றி நன்றாகத் தெரியும். எடுக்காவிட்டால் குளமே இருக்காது. பேருந்து நிலையம் வேண்டிய நாங்கள் யாரும் எடுத்துக் கொடுக்கவும் மாட்டோம்.

“ஒரே ஒரு போட்டோ டீச்சர், கொளத்தையே சேத்துப் புடிங்க. பொட்டு வச்ச கொளத்துல எவன் மண்ணு போடுவான்?” என்று பலவேசம் ஆறுதல் சொன்னார்.

“மண்ணு போட மாட்டான். படித்துறை கட்டுவான், ரேடியோ கட்டுவான், சோப்பு டப்பாவும் மாலையும் அள்ளிப் போடுவான். வேப்பமரத்தப் பாத்தியள்லா? அங்க இப்ப ஒரு காக்கா ஒக்காருதா?”

தங்கப்பழமும் வழியில் பார்த்து, “தாராளமா எடுங்க டீச்சர். கொளத்துக்குப் பொட்டு வந்தா எனக்குப் பூமி பூசை முடிஞ்ச கணக்கு. மறுநாளே லாரிய எறக்கிருவேன்” என்றார். ஆக அந்த வழியும் அடைத்துக்கொண்டது.

டீச்சர் நாளெல்லாம் பட்டறையில் வந்து உட்கார்ந்து யோசித்தார். பலவேசம் குறட்டால் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் குறட்டின் கழுத்தில், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கிடந்த சுத்தியலிலும் இருந்தது, ரம்பத்திலும் இருந்தது, பழைய எண்ணெய் டப்பாவிலும் இருந்தது.

“இந்தக் கொறடுக்கும் பொட்டு இருக்கே. இத ஏன் யாரும் கும்பிடல?” என்று டீச்சர் கேட்டார்.

“பட்டறையில எல்லாத்துக்கும்லா வச்சிருக்கு. எதப் போய்க் கும்பிட? மறுநாள் எடுத்து வேல பாக்க வேண்டியதுதான்.”

டீச்சர் எழுந்தார். வீட்டுக்குப் போய்ப் பீரோவைத் திறந்தார்.

அன்று தொடங்கி டீச்சர் ஊரை எடுத்தார். அழகானதைத் தவிர வேறு எதையும் தொடாத அந்தக் கேமராவால், மின்கம்பத்தை எடுத்தார், அடுத்த மின்கம்பத்தை எடுத்தார், சாக்கடை மூடியை எடுத்தார், சாக்கடையையும் எடுத்தார், குப்பைத் தொட்டியை, அதைக் கிளறுகிற நாயை, நாயைத் துரத்துகிற ஆட்டை, ரேஷன் கடை எடைக்கல்லை, டீக்கடை பாய்லரை, கட்டணக் கழிப்பறையின் இரண்டு கதவுகளையும், தாலுகா ஆபீஸ் ஜன்னலையும், ஓட்டை வாளியையும், அறுந்த செருப்பையும், தங்கப்பழம் வீட்டு மாடியையும், மாடியில் காயப்போட்ட வேட்டியையும், அவருடைய லாரிகளையும் மண்வெட்டிகளையும் எடுத்தார். பள்ளிவாசலையும் மாதா கோவிலையும் மட்டும் எடுக்கவில்லை, தங்கள் வாசலில் என்ன இருக்க வேண்டும் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். வெயிலில் எடுத்தார், காய்ச்சலோடு எடுத்தார். அழகில்லாத ஒன்றை எடுக்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு வலித்தது, வலித்தாலும் அதையும் குனிந்து, வெளிச்சம் பார்த்து, ஒழுங்காகவே எடுத்தார். பலவேசம் பட்டறையைப் பூட்டிவிட்டு முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

முதலில் எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது, உங்கள் தெருவுக்கு வரவில்லையா என்று பெருமை பேசினோம். அப்புறம் எல்லாத் தெருவுக்கும் வந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு பொட்டு வைத்த பஸ் படியில் ஏறலாமா என்று கொஞ்ச நாள் தயங்கினோம், தயங்கி நின்றால் பஸ் போய்விடும், ஏறினோம். கழிப்பறைக் கதவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனவர்கள் அவசரத்தில் கும்பிடுவதை விட்டார்கள். பொட்டு வைத்த நாய் பொட்டு வைத்த கோழியைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது பொட்டு வைத்த கல்லை எடுத்து எறிந்தோம். வேப்பமரத்து உண்டியலுக்குக் கூட்டம் குறைந்தது, ரேடியோக்காரர் வாடகை வராமல் குழாய்களைக் கழற்றிக்கொண்டு போனார். கல்யாண மண்டபத்தில் ஒரு பெண் வீட்டார் கூண்டைப் பார்த்துவிட்டு, “கல்யாண வீட்டு வாசல்ல ஆந்தையா? யாருவே இதத் தொங்கப்போட்டது?” என்று கத்த, பொட்டு இருக்கிறதே என்று தங்கப்பழம் சொல்ல, “பொட்டு அந்தா கெடக்க வெளக்கமாத்துலயும்தான் இருக்கு” என்று அவர்கள் சொல்ல, ஆந்தை மறுபடியும் வெறும் ஆந்தையாகி, அவர் கையாலேயே வெளியே விடப்பட்டது. அது நேராக வேப்பமரத்துக்குப் போய்ப் பொந்துக்குள் நுழைந்துகொண்டது. டீச்சர் எதிர்த்தாற்போல் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் நெடுங்குளத்துக்குப் போனார். முள்ளுக்காட்டைத் தாண்டி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பலவேசம் செய்த முக்காலியைச் சேற்றில் ஊன்றி, அசையாமல் நின்றார். பனி விலகியதும் வாத்துகள் இருந்தன. வருஷா வருஷம் வருகிற மாதிரியே வந்து, குளத்துக்கு என்ன நடக்கப் போகிறது என்று தெரியாமல் மேய்ந்துகொண்டிருந்தன. டீச்சர் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தார். வெள்ளைத் தலையில் இரண்டு கருப்பு வரி, வரிக்கு முன்னால் பொடிப் பொட்டு. எடுத்து முடித்துவிட்டு அழுதார். நாங்கள் பார்க்கவில்லை, பலவேசம் சொன்னார். ஊரில் செய்தி பரவத்தான் செய்தது, வாத்துக்கும் வந்திருக்கிறதாமே என்று கேட்டோம், வந்தால் என்ன, எங்கள் வீட்டு எருமைக்கும்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம். யாரும் வலையை எடுக்கவில்லை.

வாய்தா நாளில் தாலுகா ஆபீஸ் நிரம்பி வழிந்தது. பேருந்து நிலையம் வருமா வராதா என்று தெரிய வேண்டுமே. டீச்சர் படங்களைக் கோட்டாட்சியர் அம்மா முன்னால் பரப்பினார்.

தங்கப்பழம் எட்டிப் பார்த்தார். “அம்மா, இது பழைய படம். டீச்சர் சின்ன வயசுலேருந்து எடுக்காவ, பீரோ நெறைய வச்சிருப்பாவ. அதுலேருந்து நாலு உருவிட்டு வந்திருக்காவ. இப்ப அங்க வாத்தும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. கேட்டுப் பாருங்க.”

எங்களில் பாதிப் பேர் தலையை ஆட்டினோம். டீச்சர் முகம் வாடிப்போனது. படத்தில் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று அந்த அம்மாவே அவரிடம் முன்பு சொல்லியிருந்தார்.

கோட்டாட்சியர் அம்மா ஒரு படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அப்புறம் தன் மேஜையைப் பார்த்தார், அதிலும் பொட்டு இருந்தது. நிமிர்ந்து பொதுவாகக் கேட்டார்.

“இந்த ஊர்ல இந்தப் பொட்டெல்லாம் எப்பலேருந்து இருக்கு?”

“இந்த ஆயுத பூசைக்குப் பொறவுதான்!” என்று கூடம் முழுக்க ஒரே குரலாகச் சொன்னோம். தெரிந்த கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க எங்களால் ஆகாது. தங்கப்பழத்தின் வாயும் எங்களோடு சேர்ந்து அதைத்தான் சொன்னது.

“அப்ப இந்த வாத்துக்குப் பொட்டு வந்ததும் அதுக்கு அப்புறம்தான?”

என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அந்த அம்மா பென்சிலை எடுத்து, பொட்டைக் கண்டுகொள்ளாமல், வாத்துகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். எண்ணி முடித்துவிட்டு, “இந்த வருஷம் குளத்துல யாரும் கைவைக்கக் கூடாது. அடுத்த வருஷமும் பறவை வருதான்னு படம் பாத்துட்டு மறுபடி விசாரிக்கிறேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டீச்சர் உட்கார்ந்த இடத்திலேயே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பலவேசம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, விடாமல் நின்றார்.

பங்குனியில் வாத்துகள் பொட்டோடு வடக்கே பறந்தன. நாங்கள் ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றபடி அண்ணாந்து பார்த்தோம். பொட்டு எதுவும் மறையவில்லை, மழையிலும் வெயிலிலும் ஊரெல்லாம் அப்படியே இருந்தது. தங்கப்பழமும் லாரிகளை விற்கவில்லை, வரட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. பலவேசம் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்து, சந்தனக் கிண்ணத்தோடு குத்தவைத்து உட்கார்ந்தார். கேமராவைப் பற்றி அவர் இந்தத் தடவை வாயே திறக்கவில்லை. டீச்சர் உள்ளேயிருந்து வந்து, டிரில்லிங் மெஷினுக்கும் குறட்டுக்கும் நடுவில் இடம் ஒதுக்கி, கேமராவைக் கொண்டுவந்து வைத்தார்.

பலவேசத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. “டீச்சர்! நம்பிக்க வந்துட்டா?”

“அதெல்லாம் ஒண்ணும் வரல. வாத்து வந்தா பழைய பொட்டோடதான் வரும். படத்தக் கொண்டுபோயி வச்சா, போன வருசத்துப் படம்னு தங்கப்பழம் சொல்லுவாரு. சொல்ல விடக் கூடாதுல்லா? இந்தத் தடவ குங்குமம் வேண்டாம், மை வைங்க. பச்சப்பிள்ளைக்கு வைப்போமே, அது மாதிரி.”

பலவேசம் மைச் சிமிழை எடுத்துக்கொண்டு வந்து, விரலில் தொட்டுக்கொண்டு, கேமராவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துத் தயங்கினார்.

“எங்க வைக்க டீச்சர்?”

டீச்சர் லென்ஸ் மூடியைக் கழற்றினார்.

“போன வருசம் வச்ச எடத்துலயே” என்றார்.